கோளாறு பிரிண்டரில் இல்லை

வீட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பழகத் தொடங்கிய காலத்திலிருந்து யோசித்துப் பார்த்தால், அதிகம் திட்டு வாங்கிய கருவி பிரிண்டர்தான். டயல்-அப் மோடத்தின் கீச்சொலி போய்விட்டது, ஃபிளாப்பி போய்விட்டது, பெட்டி போலிருந்த மானிட்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஆனால் "நேத்து வரைக்கும் நல்லா அடிச்சுது, இன்னிக்கு அடிக்க மாட்டேங்குது" என்ற புகார் விண்டோஸ் 98 காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் விண்டோஸ் 11 காலத்திலும் இருக்கிறது. ஒரே கணினியோடு கேபிளில் கட்டிப்போட்ட பிரிண்டரைப் பற்றி நான் பேசவில்லை. கூடத்து மேசைக் கணினியில் ஒரு லேசர் பிரிண்டர். உள்ளறையில் ஒரு லேப்டாப், மாடியில் இன்னொன்று. எல்லாரும் அந்த ஒரே பிரிண்டரில் அச்செடுக்க வேண்டும். நம் நடுத்தர வீடுகள் பலவற்றில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு இது. இதில் கோளாறு வந்தால் எல்லாரும் முதலில் போய் நிற்பது பிரிண்டரின் முன்னால். மூடியைத் திறப்பார்கள், டோனரை எடுத்துக் குலுக்குவார்கள், காகிதத்தைத் தட்டி அடுக்கி மறுபடி வைப்பார்கள். இத்தனை ஆண்டு பார்த்ததில் எனக்குத் தேறிய முடிவு வேறு. பகிர்ந்துகொண்ட பிரிண்டரில் வரும் கோளாறு பெரும்பாலும் பிரிண்டரில் இருப்பதில்லை. கணினிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாடு எங்கோ முறிந்திருக்கும். அந்த உடன்பாட்டைக் காத்துவர அலுவலகத்தில் ஓர் ஆள் உண்டு, வீட்டில் கிடையாது. சிக்கலின் வேர் அங்கேதான் என்பது என் கட்சி.

இந்த ஏற்பாடு எங்கே பிறந்தது என்று பார்த்தால் இது விளங்கும். கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஜெராக்ஸ் நிறுவனம் ஓர் ஆய்வுக்கூடம் நடத்தியது. அங்கே பாப் மெட்கஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பிலிருந்துதான் ஈதர்நெட்டின் வரலாறு தொடங்குகிறது. ஆல்ட்டோ என்ற தனிநபர் கணினிகள் அப்போது அங்கே உருவாகிக்கொண்டிருந்தன. கேரி ஸ்டார்க்வெதர் வடிவமைத்த லேசர் பிரிண்டரும் இருந்தது. அப்படிப்பட்ட பிரிண்டரை ஆளுக்கொன்று வைக்க முடியாது. பல கணினிகள், ஒரு பிரிண்டர், நடுவில் வேகமான ஒரு கம்பி வேண்டும் என்ற தேவை ஈதர்நெட்டுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆகவே உள்ளூர் வலையமைப்பில் பிரிண்டர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி அல்ல. பிரிண்டரைப் பகிர வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துதான் அந்த வலையமைப்பைப் பெற்றெடுத்தது. ஆனால் அது ஆய்வுக்கூடம். இயந்திரத்தைச் செய்தவர்களே அடுத்த அறையில் இருந்தார்கள். பிறகு அலுவலகங்களுக்குப் போனபோது சர்வர் என்று ஒரு கணினியும், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒருவரும் வந்தார்கள். 1992 அக்டோபரில் வெளியான விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் இந்த ஏற்பாட்டை எளிதாக்கியது: தனியாகச் சர்வர் வேண்டாம், யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் மாட்டியிருக்கும் பிரிண்டரை மற்றவர்களுக்குத் திறந்துவிடலாம். விண்டோஸ் 98, எக்ஸ்பி வழியாக அதே வசதி வீட்டுக்குள் வந்தது. பெயர் வைப்பது, முகவரி ஒதுக்குவது, யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்வது போன்ற அட்மின் வேலைகளும் கூடவே வந்தன. அட்மின் வரவில்லை.

ஒரு பக்கம் அச்சாக எந்தப் பாதையில் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். மாடி லேப்டாப்பில் 'பிரிண்ட்' அழுத்தியதும் அந்தப் பக்கம் முதலில் அதே லேப்டாப்பின் ஸ்பூலருக்குப் போகிறது. ஸ்பூலர் என்பது அச்சு வேலைகளை வாங்கி வரிசையில் நிறுத்தும் நிரல். அங்கிருந்து வைஃபை வழியாக ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து கூடத்துக் கணினிக்கு, அதன் ஸ்பூலருக்கு, பிறகு யூஎஸ்பி கேபிள் வழியாகப் பிரிண்டருக்கு. இந்தப் பாதையில் கணினிகள் நான்கு கேள்விகளுக்கு ஒத்துப்போக வேண்டும். நீ எங்கே இருக்கிறாய்? உன் பெயர் என்ன? என்னை உள்ளே விடுவாயா? நான் பேசுவது உனக்குப் புரிகிறதா? முகவரி, பெயர், அனுமதி, மொழி. நான் பார்த்த கோளாறுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த நான்கில் ஒன்றின் கீழ் அடக்கிவிடலாம். காகிதச் சிக்கலும் டோனர் தீர்வதும் பிரிண்டரின் சொந்தக் கோளாறுகள்தாம். ஆனால் அவை கண்ணுக்குத் தெரிகிறவை, விளக்கு எரிய வைத்துச் சொல்லிவிடுகிறவை. மணிக்கணக்கில் வீட்டைச் சண்டைக்களமாக்குகிறவை மற்ற நான்கும்தான்.

முகவரியிலிருந்து தொடங்கலாம். வீட்டுக்குள் புழங்கும் 192.168 என்று தொடங்கும் எண்கள், தனியார் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்ட எண்களில் ஒரு பகுதி. எந்தக் கருவிக்கு எந்த எண் என்பதை ரவுட்டர் தீர்மானிக்கிறது, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாக. பல வீட்டு ரவுட்டர்கள், யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கை மின்சாரம் போனதும் மறந்துவிடும். தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். பல ஊர்களில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. மின்சாரம் திரும்பி வந்ததும் எந்தக் கருவி முதலில் விழித்துக் கையை நீட்டுகிறதோ, அதற்கு முதல் எண். நேற்று கூடத்துக் கணினியிடம் இருந்த எண்ணை இன்று யாரோ ஒருவரின் போன் வைத்திருக்கும். மாடி லேப்டாப்போ பழைய எண்ணைத் தேடிப் போய்த் தட்டும், பதில் வராது, 'ஆஃப்லைன்' என்று அறிவிக்கும். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க, திரையில் அது ஆஃப்லைன் என்று வருவதுதான் பலரைக் குழப்பிய காட்சி. திரை சொல்வதற்கு அர்த்தம், 'நான் தேடிய இடத்தில் பதில் இல்லை' என்பது மட்டுமே. ரவுட்டரையே எட்ட முடியாத கருவி தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டதுமே கேபிளையோ வைஃபையையோ பார்க்க வேண்டும் என்று புரிந்துவிட வேண்டும். பிரிண்டரைத் தொட வேண்டியதே இல்லை.

ஃபைபர் இணைப்பு வந்த பிறகு இதே கோளாறு புது வடிவம் எடுத்தது. இணைப்பு கொடுக்கிறவர்கள் சுவரில் மாட்டும் பெட்டியே ஒரு ரவுட்டர். மாடிக்குச் சிக்னல் போதவில்லை என்று வீட்டார் இன்னொரு ரவுட்டரை வாங்கி அதோடு இணைப்பார்கள். இரண்டும் தனித்தனியாக எண் கொடுக்க ஆரம்பித்தால் ஒரே வீட்டுக்குள் இரண்டு வலையமைப்புகள் உருவாகிவிடும். இரண்டிலிருந்தும் யூடியூப் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். பிரிண்டரை மாடியில் வைத்திருந்தால், கீழே இருக்கும் லேப்டாப்பால் அதை மட்டும் காண முடியாது. இணையம் நன்றாக வேலை செய்வதால் வலையமைப்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பழி பிரிண்டரின் மேல் விழும். விருந்தினர்களுக்கென்று ரவுட்டரில் இருக்கும் தனி வைஃபையில் சேர்ந்த போனும் இப்படித்தான்: இணையம் உண்டு, வீட்டுக் கருவிகள் கண்ணில் படாது. அது கோளாறுகூட இல்லை. விருந்தினர் வைஃபை அதற்காகவே செய்யப்பட்டது.

பெயர் விஷயம் பார்க்கச் சின்னது, படுத்திய பாடு பெரிது. விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் பதிப்பு தன் குழுவுக்கு 'எம்எஸ்ஹோம்' என்று பெயர் வைத்துக்கொள்ளும்; எக்ஸ்பி புரொஃபஷனல் 'ஒர்க்குரூப்' என்று வைத்துக்கொள்ளும். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால், வலையமைப்புப் பட்டியலில் ஒன்று மற்றதை நேராகக் காட்டாது. விஸ்டாவில் எல்லாப் பதிப்புகளுக்கும் 'ஒர்க்குரூப்' என்றே ஆக்கினார்கள். யூஎஸ்பி பிரிண்டர் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். சுத்தம் செய்யும்போது கேபிளைப் பிடுங்கி வேறொரு துளையில் செருகினால், சில பிரிண்டர்களை விண்டோஸ் புதிய பிரிண்டர் என்று எடுத்துக்கொண்டு, பழைய பெயரோடு 'காப்பி 1' என்று சேர்த்து இன்னொன்றை உருவாக்கிவிடும். மற்ற கணினிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பது பழையது. கேபிள் இருப்பது புதியதில். கூடத்துக் கணினியிலிருந்து புதிய பெயரில் அச்சு வரும், மற்ற இடங்களிலிருந்து வராது. நெட்வொர்க் கெட்டுவிட்டது என்று ரவுட்டரை மாற்றியவர்கள்கூட உண்டு. கேபிளைப் பழைய துளையிலேயே செருகியிருந்தால் போதும். விண்டோஸ் 10-இல் 2015 நவம்பருக்குப் பிறகு வந்த மற்றொரு வசதி, கடைசியாக எந்தப் பிரிண்டரில் அச்செடுத்தோமோ அதையே இயல்பான பிரிண்டராக ஆக்கிவிடும். ஒருமுறை பிடிஎஃப் ஆகச் சேமித்தால், அடுத்த முறை காகிதத்துக்குப் பதில் கோப்பு கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும்.

இருந்தாலும், என் வாதத்துக்கு வலுவான சான்று அனுமதி என்ற மூன்றாவது கேள்விதான். ஏனென்றால் மற்றவை தற்செயலாக முறிகின்றன. அனுமதியை வேண்டுமென்றே முறிக்கிறார்கள், அதுவும் நல்ல காரணத்தோடு. வரிசையாகப் பார்க்கலாம். வீட்டுக் கணினிக்கு யாரும் பாஸ்வேர்டு வைப்பதில்லை. எக்ஸ்பியோ, பாஸ்வேர்டு இல்லாத கணக்கை அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் திறக்கும், வலையமைப்பு வழியாக வருகிறவருக்குத் திறக்காது. அதற்காக வீடுகளில் 'கெஸ்ட்' கணக்கைத் திறந்துவிட்டார்கள். 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலை இயல்பாகவே இயக்கியபடி வந்தது. முந்தைய நாள் வரை பகிர்ந்துகொண்டிருந்த பிரிண்டர்கள் பல வீடுகளில் மறைந்தன. 2009-இல் விண்டோஸ் 7 ஹோம்குரூப் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக்கொண்டு வீட்டின் எல்லாக் கணினிகளிலும் கொடுத்தால் போதும். இதுவரை வந்ததிலேயே வீட்டை வீடாக மதித்த ஏற்பாடு அதுதான் என்பேன். 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் தாக்கியபோது, அது பரவிய வழி எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பு. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவினால் அந்தப் பழைய முறை கூட வராது. அதை நம்பியிருந்த எக்ஸ்பி கணினிகளும் ஸ்கேன் செய்து கோப்பை அனுப்பும் பழைய இயந்திரங்களும் அநாதையாயின.

2021-இல் நடந்தது இதன் உச்சம். அந்த ஆண்டு விண்டோஸின் ஸ்பூலரில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைக்கு 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் வந்தது. ஜூலையில் அவசரமாக ஒரு திருத்தம் வந்தது. ஆகஸ்ட்டில், கணினி பிரிண்டரோடு பேச உதவும் டிரைவர் என்ற நிரலை நிறுவ அட்மின் அதிகாரம் வேண்டும் என்று ஆக்கினார்கள். செப்டம்பரில், ஸ்பூலர்கள் தங்களுக்குள் பேசும் முறையை இறுக்கும் இன்னொரு மாற்றம் கட்டாயமானது. அந்த மாதம் 11பி என்று முடியும் ஒரு பிழை எண் உலகெங்கும் சிறு அலுவலகங்களிலும் வீடுகளிலும் முளைத்தது: கூடத்துக் கணினியில் பிரிண்டர் நன்றாக இருக்கும், வலையமைப்பு நன்றாக இருக்கும், மற்ற கணினிகளால் இணைய மட்டும் முடியாது. பலர் அந்த அப்டேட்டையே கழற்றி எறிந்தார்கள். அது ஆபத்தான வைத்தியம். ஸ்பூலர் ஓட்டை வெறும் ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்ததாகக் கருதப்படும் நிரல், பரவுவதற்குக் கையாண்ட வழிகளில் ஒன்று பகிரப்பட்ட பிரிண்டர்களின் ஸ்பூலரில் இருந்த ஓட்டை. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் புராஜெக்ட் அச்சாகும் அதே வாசலில்தான் அப்படிப்பட்ட நிரல்களும் நுழையப் பார்க்கின்றன. உலகம் தன் நம்பிக்கை விதிகளை மாற்றும்போதெல்லாம் வீட்டுப் பிரிண்டர் நிற்கிறது. பிரிண்டர் பழுதாகி நின்றதாக இந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, மொழி. எக்ஸ்பி கணினியில் 32 பிட் டிரைவர் இருக்கும்; புதிதாக வாங்கிய விண்டோஸ் 7 லேப்டாப் 64 பிட். லேப்டாப் டிரைவரைக் கேட்கும், அந்தப் பக்கம் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும், இந்தப் பக்கம் புரியாமல் விழிக்கும். பிரிண்டரை லேப்டாப்பில் உள்ளூர்ப் பிரிண்டர் போலச் சேர்த்து, சரியான டிரைவரை முதலிலேயே நிறுவி, துளைக்குப் பதிலாகக் கூடத்துக் கணினியின் பெயரையும் பகிர்ந்த பெயரையும் எழுதிக் கொடுப்பது அன்று கைக்குக் கை போன வித்தை. அதே வித்தை 2021-லும் பலருக்குக் கைகொடுத்தது. நம் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நீக்கமற இருந்த கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. விலை குறைவதற்காக, பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியின் தலையில் வைத்தவை இவை. லேசர்ஜெட் 1020-ஐ ஒவ்வொரு முறை போடும்போதும் கணினி அதற்குள் ஒரு நிரலை ஏற்றினால்தான் அது உயிர்பெறும். அதனால்தான் ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் அதைச் செருகி வலையமைப்புப் பிரிண்டராக்க முயன்றவர்கள் பலர் தோற்றார்கள். டிரைவர் என்பது யாருடைய சொத்து என்ற கேள்வியும் புதிதல்ல. 1980-ஐ ஒட்டி எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர், ஆட்கள் இருந்த இடத்திலிருந்து தள்ளி இருந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வருமாறு முந்தைய பிரிண்டருக்கு அந்த ஆய்வகத்தின் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரல் எழுதியிருந்தார். புதியதற்கு மூல நிரல் கிடைக்கவில்லை. மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவைக்க 1983-இல் அவர் தொடங்கிய குனூ திட்டத்துக்கு அந்தக் கசப்பும் ஒரு விதை. காகிதச் சிக்கலைவிட, அந்தச் செய்தி தூரத்தில் இருப்பவருக்கு எட்டாததே பெரிய சிக்கல் என்று அவர் கண்டுகொண்டார். வீட்டு மாடியிலிருந்து பிரிண்ட் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரின் சிக்கலும் அதுவேதான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நடைமுறையிலிருந்து வருகிறது: "இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே!" உண்மைதான், பல நேரம் சரியாகிறது. அதற்குக் காரணமும் உண்டு. அணைத்துப் போடும்போது கருவிகள் எல்லாம் முகவரிக்கு மறுபடி கை நீட்டுகின்றன, ஒருவரையொருவர் புதிதாக அறிமுகம் செய்துகொள்கின்றன, ஸ்பூலர் புதிதாக ஓடத் தொடங்குகிறது. உடன்பாடுதான் முறிந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பிரிண்டரே பழுதாகியிருந்தால் அணைத்துப் போட்டா குணமாகும்? ஆனால் இந்த வைத்தியத்துக்கு எல்லை உண்டு. ஸ்பூலர் வரிசையில் கெட்டுப்போன ஒரு கோப்பு முன்னால் நின்றால், ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரின் அட்டையில் தகராறு வந்தது போலப் பின்னால் இருப்பவை எல்லாம் காத்துக் கிடக்கும். அந்தக் கோப்பு வட்டில் எழுதப்பட்டிருப்பதால் கணினியை அணைத்தாலும் அழியாது, மறுபடி வந்து முதலில் நிற்கும். ஸ்பூலர் சேவையை நிறுத்தி, அதன் கோப்புறையைக் காலி செய்து, மீண்டும் இயக்க வேண்டும். அனுமதிக் கோளாறுகளையோ அணைத்துப் போடுவது தொடுவதுகூட இல்லை. அப்டேட் வந்து நின்ற பிரிண்டர் பல நேரம் நின்றதே அந்த மறுதொடக்கத்தில்தான். காரணம் தெரியாமல் கிடைத்த குணம், அடுத்த முறை வராதபோது பெரிய கோபமாக மாறுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: "நீங்கள் சொல்வது பழங்கதை. வைஃபை பிரிண்டர் வாங்கினால் கூடத்துக் கணினியே தேவையில்லை, டிரைவரும் தேவையில்லை." இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். இணைய வழி அச்சுக்கான ஐபிபி என்ற பொது நெறி 1999-இலேயே முதல் வடிவம் பெற்றது. யூனிக்ஸ் உலகில் அதை மையமாக வைத்து எழுந்த கப்ஸ் என்ற அச்சு அமைப்பை ஆப்பிள் 2002-இல் தன் மேக் கணினிகளில் சேர்த்தது. 2010 நவம்பரில் அதே நிறுவனம் கொண்டுவந்த ஏர்பிரிண்ட், டிரைவர் இல்லாமல் போனிலிருந்தே அச்செடுக்க வழி செய்தது. 2013-இல் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து மோப்ரியா கூட்டமைப்பை உருவாக்கி ஆண்ட்ராய்டுக்கும் அதே வசதியைக் கொண்டுவந்தன. மைக்ரோசாஃப்ட்டும் 2023 செப்டம்பரில், பிரிண்டர் நிறுவனங்களின் தனி டிரைவர்களுக்குத் தரும் ஆதரவைப் படிப்படியாக முடிப்பதாக அறிவித்தது. ஆக மொழிச் சிக்கல் உண்மையிலேயே தீர்ந்துகொண்டு வருகிறது. மற்ற மூன்று கேள்விகள் எங்கே போயின? போன் வைஃபை பிரிண்டரைக் கண்டுபிடிப்பது, 'யாராவது பிரிண்டர் இருக்கிறீர்களா?' என்று ஒரே வலையமைப்புக்குள் குரல் கொடுத்து. அந்தக் குரல் இரண்டாவது ரவுட்டரைத் தாண்டாது, விருந்தினர் வைஃபையைத் தாண்டாது. வீட்டுப் பிரிண்டர்கள் பல இன்னும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே அறிந்தவை. 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து அதையே எல்லாரும் பயன்படுத்தும் வீட்டில், அமைக்கும்போதே முட்டிக்கொள்ளும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றிய நாளில் போன்களில் எல்லாரும் புதியதைத் தட்டிக்கொள்வார்கள். பிரிண்டருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். கூடத்துக் கணினியை நடுவிலிருந்து எடுத்ததால் பாதை குறுகியது. உடன்பாட்டின் தேவை குறையவில்லை.

மூன்றாவதாக ஒரு மறுப்பு, இது எல்லாம் நிறுவனங்களின் குற்றம் என்பது. மையை விற்கப் பிரிண்டரை மலிவாகத் தருகிறார்கள், பழைய மாடலுக்குப் புதிய டிரைவர் எழுதுவதில்லை, வீட்டை யோசிக்காமல் அப்டேட் அனுப்புகிறார்கள் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஹோம்குரூப்பை எடுத்ததற்குப் பதிலாக அதே எளிமையோடு வேறொன்றைத் தந்திருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இந்த வாதம் என் கட்சியை மறுக்கவில்லை; அலுவலகத்துக்குச் செய்த ஒன்றை ஆள் இல்லாத வீட்டுக்கு விற்றார்கள் என்பதை வேறு சொற்களில் சொல்கிறது. இதோடு ஒட்டிய இன்னொரு பேச்சு, அச்செடுப்பதே ஒழியப் போகிறது, இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பது. அலுவலகக் காகிதம் குறைந்திருக்கலாம். நம் ஊரில் பள்ளி புராஜெக்ட், விண்ணப்பத்தின் நகல், ஆதார் நகல், தேர்வு ஹால் டிக்கெட் ஆகியவை இன்னும் காகிதத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் எப்போதாவது அச்செடுப்பதே சிக்கலைக் கூட்டுகிறது. தினமும் ஓடும் பிரிண்டரில் உடன்பாடு முறிந்தால் அன்றைக்கே தெரியும். மாதக்கணக்கில் சும்மா இருந்த பிரிண்டரின் பின்னால் இரண்டு அப்டேட், ஒரு ரவுட்டர் மாற்றம், ஒரு பாஸ்வேர்டு மாற்றம் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஹால் டிக்கெட் எடுக்கும் இரவில் அத்தனையும் ஒன்றாக வெளிப்படும்.

மிச்சமிருப்பது நான் மிகவும் மதிக்கும் மறுப்பு: "வீட்டில் அட்மின் இல்லை என்று யார் சொன்னது? எங்கள் வீட்டில் பையன் பார்த்துக்கொள்கிறான்." ஆமாம், பல வீடுகளில் அப்படி ஒருவர் இருக்கிறார், கணினி கொஞ்சம் தெரிந்த மகனோ மகளோ, அடுத்த வீட்டு இளைஞரோ. ஆனால் அவர் செய்வது வேலை என்று யாரும் எண்ணுவதில்லை, அவரும் எண்ணுவதில்லை. அதனால் எங்கும் எழுதிவைப்பதில்லை. அவர் கல்லூரிக்கோ பெங்களூருக்கோ போன பிறகு, கூடத்துக் கணினியில் எந்தக் கணக்கைத் திறந்துவிட்டிருந்தார், ரவுட்டரின் பாஸ்வேர்டு என்ன, பிரிண்டருக்கு எந்த எண் என்பது ஒருவருக்கும் தெரியாது. போனில் வழி சொல்ல முயல்வார். இந்தப் பக்கம் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அவர் சொல்லும் சாளரம் திரையில் அகப்படாது. அலுவலக அட்மினுக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை. அலுவலகத்தில் ஆள் போனாலும் குறிப்பு மிஞ்சும்.

ஆகவே இந்தக் கோளாறுகளை ஆராயும் முறையும் அவற்றைத் தவிர்க்கும் முறையும் ஒன்றே என்பதுதான் நான் வந்து சேரும் இடம். ஆராய வேண்டும் என்றால், பாதையின் கடைசி முனையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பிரிண்டர் தானே ஒரு சோதனைப் பக்கம் அடிக்கிறதா? கேபிளில் இணைந்த கணினியிலிருந்து அடிக்கிறதா? இவை இரண்டும் சரி என்றால் இனி பிரிண்டரைத் தொடக் கூடாது. டோனரைக் குலுக்குவது வீண். மற்ற கணினியிலிருந்து கேபிள் கணினியின் எண்ணுக்குப் பதில் வருகிறதா, பெயருக்குப் பதில் வருகிறதா, பகிர்ந்தவை திறக்கின்றனவா, டிரைவர் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். தவிர்க்க வேண்டும் என்றால், அதே கேள்விகளுக்கு முன்கூட்டியே பதிலை நிலைநிறுத்த வேண்டும். ரவுட்டரில் கூடத்துக் கணினிக்கோ வைஃபை பிரிண்டருக்கோ நிரந்தரமாக ஓர் எண்ணை ஒதுக்கலாம். இரண்டாவது ரவுட்டரை எண் கொடுக்காமல் சிக்னலை மட்டும் நீட்டும்படி அமைக்கலாம். கெஸ்ட் கணக்கைத் திறப்பதற்குப் பதிலாக, அச்சுக்கென்று பாஸ்வேர்டோடு ஒரு தனிக் கணக்கு வைக்கலாம். அப்டேட்டைக் கழற்றுவதைவிட அது எத்தனையோ மேல். பிறகு எண், பெயர், கணக்கு, ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற விவரங்களை, பாஸ்வேர்டைத் தவிர்த்து, ஒரு தாளில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிட வேண்டும். இதற்குக் கணினிப் படிப்பு தேவையில்லை. கேஸ் புத்தகமும் மின் இணைப்பு எண்ணும் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது, இதுவும் தெரிந்திருக்கலாம். வீட்டு வலையமைப்பில் இன்று பிரிண்டர் மட்டும் இல்லை. கேமரா இருக்கிறது, டிவி இருக்கிறது, கதவு மணிகூட அதில் சேர்ந்துவிட்டது. இவையும் எங்கே, யார், உள்ளே வரலாமா என்ற அதே கேள்விகளோடுதான் வந்திருக்கின்றன. பிரிண்டர் நின்றால் ஒரு பக்கம் வராது. கேமராவின் அனுமதியில் தவறு நேர்ந்தால் வீட்டுக்குள் யார் பார்க்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும். அந்தப் பாடத்தைப் பிரிண்டரிடம் கற்றுக்கொள்வதுதான் மலிவு.